மூளையும் மொழியும்: சொல்லை இழந்தவர் எதை இழக்கிறார்?

1861ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில், பாரிஸ் நகரை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையின் அறுவைப் பிரிவுக்கு 84 வயது முதியவர் ஒருவர் கொண்டுவரப்பட்டார். அவருடைய தொடையெலும்பு முறிந்திருந்தது. லெலோன் என்பது அவர் பெயர். ஒன்றரை ஆண்டுகளுக்கு முன்னர் மூளையில் நேர்ந்த தாக்கத்தால் அவருடைய பேச்சு முழுவதும் ஐந்து சொற்களாகச் சுருங்கிப்போயிருந்தது. 'ஆம்', 'இல்லை', 'எப்போதும்', 'மூன்று' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொற்கள் நான்கு. தம் பெயரின் சிதைந்த வடிவம் ஒன்று. அவரைப் பரிசோதித்த அறுவை மருத்துவர் பால் புரோக்கா, பிள்ளைகள் உண்டா என வினவினார். "ஆம்" என்றார் முதியவர். எத்தனை பேர் என்றபோது அவர் வாய் "மூன்று" என்றது. கையோ நான்கு விரல்களை உயர்த்தியது. ஆண்மக்கள் எத்தனை பேர் என்றதற்கும் "மூன்று" என்றே கூறி, இரண்டு விரல்களைக் காட்டினார். பெண்மக்கள் பற்றிய வினாவுக்கும் அதே சொல், அதே இரண்டு விரல்கள். கடிகாரத்தைக் காட்டி நேரம் கேட்டபோதும் "மூன்று" என்றார். ஆனால் பத்து விரல்களையும் விரித்தார். மணி பத்து.

அவர் வாய் ஒரு விடை சொல்கிறது. விரல்கள் மற்றொரு விடை சொல்கின்றன. வாயை மட்டும் கேட்பவர், இம்முதியவருக்கு எண்ணறிவே போய்விட்டது என முடிவு கட்டிவிடுவார். விரல்களையும் பார்ப்பவருக்குத்தான் உண்மை விளங்கும். எண்ணைப் பற்றிய அறிவு அவரிடம் இருந்தது. அவ்வெண்ணுக்குரிய சொல்தான் அவருக்குக் கிட்டவில்லை.

நம் இல்லங்களிலும் பக்கவாதத்தால் பேச்சிழந்த பெரியவர்கள் உள்ளனர். தாத்தா ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்பதற்காக, "அவருக்கு எதுவும் புரிவதில்லை" என்று அவர் முன்னிலையிலேயே நாம் பேசிவிடுகிறோம். அம்முடிவு சரிதானா? சொல்லை இழந்தவர் உண்மையில் எதை இழக்கிறார்? மூளையின் அமைப்பைத் துணையாகக் கொண்டு இவ்வினாவுக்கு விடை காண முயல்வோம்.

மூளையின் அமைப்பு

வளர்ந்த மனிதரின் மூளை ஏறத்தாழ 1.3 முதல் 1.4 கிலோகிராம் எடையுள்ளது. உடல் எடையில் அது நூற்றுக்கு 2 பங்கு மட்டுமே. ஆயினும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நூற்றுக்கு 20 பங்கை அது எடுத்துக்கொள்கிறது. அதில் சுமார் 86 பில்லியன் நரம்பணுக்கள் உள்ளன என்பது இன்றைய கணிப்பு. இவ்வணுக்களால் ஆற்றலைச் சேமித்துவைக்க இயலாது. இரத்தம் இடைவிடாமல் உயிர்வளியையும் சர்க்கரையையும் கொண்டுவந்தாக வேண்டும். அந்த வழி சில நிமிடங்கள் தடைப்பட்டாலும் அணுக்கள் மடியத் தொடங்குகின்றன.

மூளையை மூன்று பெரும் பகுதிகளாகக் கொள்ளலாம். கழுத்துத் தண்டுவடத்தோடு இணையும் மூளைத்தண்டு, மூச்சையும் இதயத்துடிப்பையும் காக்கிறது. பின்புறத்தில் அமைந்த சிறுமூளை, அசைவுகளுக்கு ஒழுங்கும் சமநிலையும் தருகிறது. இப்பகுதி பழுதுற்றால் நடை தள்ளாடும். நாவின் அசைவும் ஒழுங்கு கெட்டுப் பேச்சு குழறும். எனினும் அவ்வாறு குழறுபவரின் இலக்கணத்திலோ சொல்வளத்திலோ குறை இராது. மூன்றாவதாகிய பெருமூளை, வலம் இடம் என இரு அரைக்கோளங்களாகப் பிரிந்து, இழைக்கற்றையாலான தடித்த பாலம் ஒன்றால் இணைந்துள்ளது. உடலின் வலப்பக்கத்தை இட அரைக்கோளமும், இடப்பக்கத்தை வல அரைக்கோளமும் இயக்குகின்றன.

ஒவ்வோர் அரைக்கோளத்திலும் நான்கு மடல்கள் உள்ளன. முன்னால் இருப்பது நெற்றிமடல். திட்டமிடுதல், தன்னடக்கம், உறுப்புகளை விரும்பியவாறு இயக்குதல் ஆகியவை அதன் பொறுப்பு. உச்சந்தலைக்குக் கீழுள்ள உச்சிமடல், தொடுவுணர்வையும் இடவுணர்வையும் கவனிக்கிறது. காதை ஒட்டிய பொட்டுமடல், கேட்டலுக்கும் நினைவுக்கும் உரியது. பின்னாலுள்ள பிடரிமடல், பார்வைக்கு உரியது. வலக்கைப் பழக்கமுடையோரில் நூற்றுக்கு 90க்கும் மேற்பட்டோர்க்கு மொழிப்பணியின் பெரும்பகுதியை இட அரைக்கோளமே செய்கிறது. பேச்சிழந்தவருக்கு வலக்கையும் வலக்காலும் அடிக்கடி சேர்ந்தே செயலிழப்பதன் காரணம் இப்போது விளங்கும். இடப்பக்க மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் ஒரே பெருங்குழாயின் கிளைகள், வலப்பக்க உடலை இயக்கும் பகுதிக்கும் மொழிப்பகுதிகளுக்கும் சேர்த்தே இரத்தம் ஊட்டுகின்றன. அங்கே அடைப்பு நேர்ந்தால் இரண்டும் ஒருங்கே பாதிக்கப்படும்.

சொல்ல முடியாதவரும் சொல்லிக்கொண்டே இருப்பவரும்

லெலோனைக் காண்பதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே, அதே மருத்துவமனையில் மற்றொருவரை புரோக்கா பரிசோதித்திருந்தார். லெபோர்ன் என்னும் அவர், 'தான்' என்ற ஓரசையைத் தவிர வேறெதையும் இயல்பாகச் சொல்ல இயலாதவர். அதனால் மருத்துவமனையில் அவருக்கு அதுவே பெயராயிற்று. அங்கு வந்து எத்தனை ஆண்டுகள் ஆயின எனக் கேட்டபோது, கையை நான்கு முறை விரித்து, பின் ஒரு விரலைக் காட்டினார். 21 ஆண்டுகள் என்பதே அதன் பொருள். அது சரியான விடையும்கூட. 1861 ஏப்ரல் 17ஆம் நாள் அவர் இறந்தார். மறுநாள் அவருடைய மூளையை அறிஞர் கழகம் ஒன்றின் முன் புரோக்கா எடுத்துக்காட்டினார். இட நெற்றிமடலின் கீழ்ப்பகுதியில் பழுது காணப்பட்டது. லெலோன் இறந்தபின் அவர் மூளையிலும் ஏறத்தாழ அதே இடம் சிதைந்திருந்தது. அப்பகுதி இன்று புரோக்கா பகுதி எனப்படுகிறது. மூளைப் பழுதால் மொழித்திறன் குலைவதை நாம் மொழியிழப்பு என்போம். மருத்துவர் அதனை 'அஃபேசியா' என்பர்.

இவ்வகை மொழியிழப்புக்கு ஆளானோர் அனைவரும் ஓரசையோடு நின்றுவிடுவதில்லை. பலர் சொற்களைத் தேடித் தேடி, ஒவ்வொன்றாக, பெருமுயற்சியோடு உதிர்க்கின்றனர். விளக்கத்தின் பொருட்டுத் தமிழில் இப்படி எண்ணிப் பார்க்கலாம்: "நேற்று மகனோடு மருத்துவமனைக்குப் போனேன்" எனச் சொல்ல விழைபவர், "நேற்று... மகன்... மருத்துவமனை..." எனத் தட்டுத்தடுமாறி நிற்பார். பெயர்ச்சொற்கள் வருகின்றன, அவற்றைப் பிணைக்கும் வேற்றுமை உருபுகளும் வினைமுற்றும் வருவதில்லை. தம் குறை அவருக்கே தெரியும். ஆகவே சினமும் கண்ணீரும் மிகும்.

1874ஆம் ஆண்டில், 26 வயதே ஆன ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே இதற்கு நேர்மாறான ஒரு நிலையை விளக்கி நூல் வெளியிட்டார். அந்நோயாளிகள் தடையின்றிப் பேசினர். ஓசையும் ஏற்ற இறக்கமும் இயல்பாகவே இருந்தன. ஆனால் சொற்கள் இடம் மாறி வந்தன. இல்லாத சொற்களும் கலந்தன. கேட்பவர்க்குப் பொருள் விளங்கவில்லை. பிறர் பேசுவதை உணர்வதும் அவர்களுக்கு அரிதாயிற்று. இங்கே பழுதுற்றது இடப் பொட்டுமடலின் மேற்புறப் பின்பகுதி. முதல்வகையினர் தம் குறையை நன்குணர்வர். இவ்வகையினரில் பலர் தம் பேச்சில் குறையிருப்பதையே உணர்வதில்லை. ஆகவே இவரைக் காணும் குடும்பத்தார் "சித்தம் கலங்கிவிட்டது" எனத் தவறாக எண்ணிவிடுதல் எளிது.

வல அரைக்கோளத்துக்கும் மொழியில் பங்கு உண்டு. அப்பக்கம் பழுதுற்றவர் இலக்கணம் பிழையாமல் பேசுவார். ஆனால் குரலில் உணர்ச்சி குன்றலாம். நகைச்சுவையும் உட்பொருளும் பிடிபடாமல் போகலாம். "உன் தலையில் இடிதான் விழுந்ததா?" என்றால் வானத்தைப் பார்க்கக்கூடும்.

இவற்றைக் கொண்டு, மூளையைத் தனித்தனி அறைகள் கொண்ட வீடாக எண்ணிவிடலாகாது. லெபோர்ன், லெலோன் இருவரின் மூளைகளும் பாரிஸில் பாதுகாக்கப்பட்டு வந்தன. 2007ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில் அவற்றைக் காந்த அலை வரைவுக்கு உட்படுத்திப் பார்த்தனர். புரோக்கா மேற்பரப்பில் கண்ட பழுது, உண்மையில் ஆழத்தில் ஓடும் இணைப்பு இழைகள்வரை பரவியிருந்தது. பகுதிகள் மட்டுமன்றி, அவற்றை இணைக்கும் வழிகளும் சேர்ந்தே மொழியை நடத்துகின்றன என்பது இதனால் உறுதிப்பட்டது.

எழுதியவரால் அதைப் படிக்க முடியவில்லை

இணைப்பு வழி அறுந்தால் என்ன நேரும் என்பதற்குத் தக்கதொரு சான்றை, ஜூல் தெஜெரின் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1892இல் வெளியிட்டார். படிப்பில் நாட்டம் மிகுந்த ஒருவர், 1887இல் ஒருநாள் தம்மால் ஒரு சொல்லையும் படிக்க இயலாததை உணர்ந்தார். கண்ணாடி மாற்றினால் சரியாகும் என எண்ணிக் கண் மருத்துவரை நாடினார். அவர் பேச்சில் குறையில்லை, பிறர் சொல்வதும் புரிந்தது, எழுதவும் முடிந்தது. ஆனால் தாம் எழுதியதையே சற்று நேரம் கழித்துக் காட்டினால் அவரால் படிக்க இயலவில்லை. எண்களை மட்டும் படித்தார்.

அவர் இறந்தபின் காரணம் புலனாயிற்று. இடப் பிடரிமடல் பழுதுற்றிருந்தது. ஆகவே இட அரைக்கோளம் எதையும் நேரே காண இயலவில்லை. வல அரைக்கோளம் எழுத்துகளைக் கண்டது. ஆனால் அது கண்டதை இடப்பக்கத்து எழுத்தறிவுப் பகுதிக்குக் கொண்டுசெல்லும் பாலத்தின் பின்பகுதியும் சிதைந்திருந்தது. எழுத்தறிவு அழியவில்லை, கண்ணிலிருந்து அங்குச் செல்லும் பாதை அறுந்துவிட்டது. அதனால்தான், எழுத்தின் வடிவத்தைக் கையால் பின்தொடர்ந்து வரைந்தபோது, அது இன்ன எழுத்து என அவரால் சொல்ல முடிந்தது. கண்வழி அடைபட்டபோது கைவழி திறந்திருந்தது. மணலில் விரலால் எழுதி எழுத்தறிந்த திண்ணைப்பள்ளி மரபுக்கு உரிய நமக்கு, கையும் எழுத்தும் கொண்ட உறவு புதிதன்று.

ஆசிரியர்களாகிய நாம் இதனை நினைவில் கொள்ளுதல் நன்று. நன்றாகப் பேசும் மாணவன் ஒருவன் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறினால், அவன் மூளை பழுதுற்றது என்பது பொருளன்று. அவனைச் சோம்பேறி எனலும் தகாது. பேசுதல், கேட்டறிதல், படித்தல், எழுதுதல் ஆகியன ஒன்றோடொன்று தொடர்புடையவை. ஆயினும் மூளையில் ஒரே வழியில் நடப்பவை அல்ல. ஒன்றில் தடை உள்ளவனுக்கு மற்றொன்று கைகொடுக்கக்கூடும்.

மொழி போனால் அறிவும் போய்விடுமா?

மொழியின்றிச் சிந்தனை இல்லை என்று சொல்வாருண்டு. இக்கூற்றைச் சோதிப்பதுபோல அமைந்தது, 2005ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ரோஸ்மேரி வார்லியும் உடனிருந்தோரும் வெளியிட்ட ஆய்வு. கடுமையான மொழியிழப்புக்கு ஆளான மூவர் அதில் பங்குபெற்றனர். மனிதன் சிங்கத்தைக் கொன்றானா, சிங்கம் மனிதனைக் கொன்றதா என்பது போன்ற தொடர்களில் யார் யாரைக் கொன்றார் என அவர்களால் நம்பகமாகக் கூற இயலவில்லை. தமிழில் இவ்வேறுபாட்டை 'ஐ' என்னும் இரண்டாம் வேற்றுமை உருபு காட்டுகிறது. ஆங்கிலத்தில் சொல்வரிசை காட்டுகிறது. அந்த இலக்கண உறவே அவர்களுக்கு எட்டவில்லை. ஆனால் கணக்கில், பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழிப்பதும் சிறியதிலிருந்து பெரியதைக் கழிப்பதும் வேறு என்பதை அறிந்து அவர்கள் விடை கண்டனர். அடைப்புக்குறிகள் வரும் கணக்குகளையும் செய்தனர். வாக்கியத்தின் அமைப்பு அவர்களிடம் குலைந்திருந்தது. கணக்கின் அமைப்பு குலையவில்லை. லெலோனின் விரல்கள் காட்டியதையே ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் இவ்வாய்வும் காட்டியது.

பழகிய தொடர்களும் பாட்டும் சில வேளைகளில் தனிவழியில் எஞ்சி நிற்கின்றன. ஒரு சொல்லும் பேச இயலாதவர் ஒன்று முதல் பத்துவரை எண்ணுவதும், சினம் மிகும்போது தெளிவாக வைதுவிடுவதும் உண்டு. பேச்சிழந்த ஒருவர் தேவாலயத்தில் பாடியதைச் சுவீடனில் 1745இலேயே பதிவு செய்துள்ளனர். இதை அடிப்படையாகக் கொண்டு 1973இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், சொற்களை இசையோடு இழுத்துச் சொல்லிப் பழக்கும் சிகிச்சை முறை உருவாயிற்று. தேவாரமோ திரைப்பாடலோ, பாட்டிக்கு நெஞ்சில் ஊறிய பாட்டு எதுவோ, அதை அவரோடு சேர்ந்து பாடிப் பார்ப்பதில் இழப்பொன்றும் இல்லை. ஆனால் பாட்டு வந்துவிட்டதால் பேச வேண்டாமென்று பிடிவாதம் செய்கிறார் என அவர்மேல் குறைகாண்பது தவறு. இரண்டும் ஒரே திறன் அன்று.

பல மொழி பேசுவோரின் நிலை

நம் நாட்டுப் பெரியவர்களுக்கு மொழி ஒன்றன்று. வீட்டில் தமிழ், சந்தையில் மலாய், அலுவலகத்தில் ஆங்கிலம் எனப் பலர் வாழ்நாள் முழுவதும் மொழிகளை மாற்றி மாற்றிப் பேசியவர்கள். அவர்களுக்கு மொழியிழப்பு நேர்ந்தால் எம்மொழி முதலில் மீளும்?

இவ்வினா பழையது. முதலில் கற்ற மொழியே நிலைத்து நிற்கும் என்னும் கருத்தை 1881இல் பிரெஞ்சு அறிஞர் ரிபோ முன்வைத்தார். நோய் வருமுன் மிகுதியாகப் பழகிய மொழியே முதலில் மீளும் என 1895இல் பித்ர் கூறினார். இருவர் கூற்றுக்கும் சான்றுகள் உண்டு. இரண்டும் பொருந்தாத நோயாளிகளும் உண்டு. மிகுதியாகக் காணப்படுவது, எல்லா மொழிகளும் ஒருசேரக் குன்றி ஒருசேர மீளும் நிலை. சிலருக்கு ஒரு மொழி மற்றதைவிட விரைவாக மீள்கிறது. வியப்புக்குரிய நிலைகளும் பதிவாகியுள்ளன. மொரோக்கோவில் வாழ்ந்த பிரெஞ்சுத் துறவியொருவர், விபத்துக்குப் பின், சில நாள்களில் அரபு மொழியையும் வேறு சில நாள்களில் பிரெஞ்சு மொழியையும் மட்டுமே சரளமாகப் பேசினார். இதனை 1982இல் கனடா நாட்டு மொழியியல் அறிஞர் மிஷேல் பராதியும் உடன் ஆய்ந்தோரும் வெளியிட்டனர். இன்று வராத மொழி நாளை வந்தது. எனவே அது அழியவில்லை. அதை அடையும் வாயில்தான் அன்று மூடியிருந்தது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் நடைமுறைக்குரியது. மூன்று மொழி பேசியவரை ஒரு மொழியில் மட்டும் சோதித்தால், அவரிடம் எஞ்சியிருப்பது முழுமையாகத் தெரியவராது. ஆங்கிலத்தில் கேட்ட வினாவுக்கு மௌனமாக இருந்தவர், தமிழில் கேட்டால் தலையசைக்கக்கூடும். ஆகவே அவர் எம்மொழியை எப்போது கற்றார், யாரோடு எதைப் பேசினார், எதில் படித்தார், எழுதினார் என்பவற்றைப் பேச்சுச் சிகிச்சையாளரிடம் குடும்பத்தார் முதலிலேயே கூறிவிட வேண்டும். சிகிச்சை எளிதாகட்டும் என்னும் நல்லெண்ணத்தால், வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் பேசுவதும் தேவையற்றது. பேரப்பிள்ளைகள் அவரோடு தமிழில் பேச இயலுமா என்பது, அப்போது பள்ளித் தேர்வைவிடப் பெரிய வினாவாகிவிடுகிறது.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, விரைவு. முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சு குழறுதல் அல்லது திடீரெனச் சொல் வராமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் காத்திராமல் ஆம்புலன்சை அழைக்க வேண்டும்; சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. பெருங்குழாய் அடைபட்டால், சிகிச்சையின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 1.9 மில்லியன் நரம்பணுக்கள் அழிகின்றன எனக் கணித்துள்ளனர். "படுத்து எழுந்தால் சரியாகிவிடும்" என்பது மிக விலையுயர்ந்த சொல்.

இரண்டாவது, பொறுமை. மொழியிழந்தவரோடு பேசும்போது தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, முகம் பார்த்து, சிறு தொடர்களில், இயல்பான குரலில் பேசுவோம். அவர் செவிடர் அல்லர். உரக்கப் பேச வேண்டியதில்லை. அவர் குழந்தையும் அல்லர். மழலையில் பேசுதல் அவமதிப்பாகும். ஆம், இல்லை என விடையளிக்கத்தக்க வினாக்களைக் கேட்டு, விடை வரும்வரை காத்திருப்போம். அவர் 'ஆம்' என்பதும் சில வேளைகளில் 'இல்லை' என்னும் பொருளில் வந்துவிடலாம். ஆகவே கையசைவையும் முகக்குறிப்பையும் சேர்த்தே பார்ப்போம். தாள், படம், நாள்காட்டி, விரல்கள் ஆகிய எதையும் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, நம்பிக்கை. இளங்குழந்தையின் இட அரைக்கோளம் பழுதுற்றால், வல அரைக்கோளமே மொழிப்பணியைப் பெரிதும் ஏற்றுக்கொள்கிறது. முதியவரின் மூளைக்கு அவ்வளவு நெகிழ்ச்சி இல்லை. எனினும் முதல் சில மாதங்களில் முன்னேற்றம் விரைந்து நிகழ்கிறது. பயிற்சி தொடர்ந்தால் ஆண்டுகள் கடந்தும் சிறிது சிறிதாகச் சொற்கள் மீள்வதுண்டு. முன்பிருந்த பேச்சு முழுமையாகத் திரும்பும் என எல்லார்க்கும் உறுதி கூற இயலாது. ஆனால் முயல்வதற்குக் காலம் கடந்துவிட்டது என ஒருவரையும் கைவிடவும் காரணமில்லை.

சொல்லை இழந்தவர் எதை இழக்கிறார் என்னும் வினாவோடு தொடங்கினோம். தம் மனத்திலுள்ளதை வெளியே கொண்டுவரும் வழியையும், சிலர் பிறர் சொல் உள்ளே வரும் வழியையும் இழக்கின்றனர். தம் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை லெலோன் மறக்கவில்லை. புரோக்கா அதனை அறிந்தது, "மூன்று" என்னும் சொல்லைக் கேட்டதோடு நின்றுவிடாமல், உயர்ந்த விரல்களையும் எண்ணியதால். நம் வீட்டில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பெரியவரின் எதிரே அமரும்போது, நாமும் அவருடைய கைகளைப் பார்ப்போம்.